ஏழு பச்சைப் பைகள்

ஆஸ்பத்திரியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர்களிலிருந்து வாசல் காவலாளி வரைக்கும் எல்லாருக்கும் அவள் முடிச்சக்கா. அறுவை அறைக்குப் போகிற கருவிகளைக் கழுவி, எண்ணி, தட்டில் அடுக்கி, பச்சைத் துணியில் இரண்டு சுற்றாகச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஆவியில் வேகவைத்து மேலே அனுப்புவது அவள் வேலை. அவள் போட்ட முடிச்சு லேசில் அவிழாது. ஆனால் நுனியைப் பிடித்து ஒரு இழுப்பு இழுத்தால் பூ மாதிரி மலர்ந்துவிடும். முதலில் தேவைப்படுவது மேலே இருக்கும், கடைசியில் தேவைப்படுவது அடியில் இருக்கும். எடுத்ததற்கெல்லாம் கத்துகிற பெரிய சர்ஜன்கூட அவள் மூட்டையைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. இருபத்தெட்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது. அதுவும் தரைத்தளத்துக்குக் கீழே, ஜன்னலே இல்லாத ஓர் அறையில்.

இருபத்து நாலு வயதில் அவளுக்கு ஒரு கல்யாணம் நடந்தது. ஒன்றரை வருஷத்தில் அவன் வழி அவனுக்கு, அவள் வழி அவளுக்கு என்று ஆனது. சண்டை என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துப் பார்த்துச் சலித்துப் போனார்கள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வாடகை அறை, அதே வேலை, லீவு நாளில் துணி துவைப்பது. இன்னொரு கல்யாணத்தைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்த சொந்தக்காரர்களும் ஒரு கட்டத்தில் அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

ஐம்பத்தோராவது வயதில் அவள் லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டாள்.

காலை ஒன்பதரை மணி. கருவி வண்டியோடு மேலே போய்க்கொண்டிருந்த லிஃப்ட் முதல் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் நடுவில் ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. பத்து நிமிஷத்தில் வெளியே ஓர் ஆண் குரல் கேட்டது.

"உள்ள யாரு இருக்கீங்க?"

"நான் ஒருத்திதான். கூட ரெண்டு வயிறு, ஒரு முழங்கால்."

அந்தக் குரல் கதவுக்குக் கிட்டே வந்து கேட்டது: "என்னது?"

"ரெண்டு வயிறுங்க. ஒரு முழங்கால். பத்து மணிக்குள்ள மேல போயாகணும்."

வயிற்று ஆபரேஷனுக்கான கருவி மூட்டைக்கு அங்கே 'வயிறு' என்றுதான் பெயர் என்பதை லிஃப்ட் மெக்கானிக்குக்குப் புரியவைக்க ஐந்து நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அவர் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த ஸ்பானர் நழுவிக் கீழே இரண்டு மாடி உருண்டு போனது. அதை எடுத்துவர அவர் இறங்கி ஏறியதில் இன்னும் கொஞ்சம் தாமதமானது. மொத்தம் நாற்பது நிமிஷம், கதவுக்கு அந்தப் பக்கம் அவரும் இந்தப் பக்கம் அவளுமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். கதவு திறந்தபோது, இவ்வளவு சீக்கிரம் சரியாகிவிட்டதே என்று அவளுக்குத் தோன்றியது.

மெக்கானிக்குக்கு மனைவி இறந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள். செயற்கைப் பல் செய்கிற இடத்தில் வேலை. கல்யாணமாகி இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தாள். ஒரு வருஷத்துக்குள் மெக்கானிக்கும் முடிச்சக்காவும் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்டதே மகள்தான். அவளுக்கு இதில் மனக்கசப்பு ஒன்றும் இல்லை. என்ன முறை வைத்துக் கூப்பிடுவது என்பதுதான் பிடிபடவில்லை. 'சித்தி' என்பது நாக்கில் வரமாட்டேன் என்றது. 'அம்மா' என்பதற்குப் பேச்சே இல்லை. அதனால் வீட்டுக்கு வரும்போதெல்லாம் "இதக் கொஞ்சம் பாருங்க", "அப்பா வந்தா சொல்லிடுங்க" என்று மொட்டையாகவே பேசிவிட்டுப் போவாள்.

மெக்கானிக்குக்கு ஒரு பைத்தியம் இருந்தது. வருஷத்துக்கு ஒருமுறை கூடாரத்தை முதுகில் கட்டிக்கொண்டு நாலு நாள் மலை முகடு வழியாக நடந்துவிட்டு வருவார். வேலை நாளெல்லாம் இருட்டுக் குழிக்குள் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் போகிறவருக்கு நாலு நாளாவது நெட்டுக்குத்தாக இல்லாமல் நீளவாக்கில் போகவேண்டும் என்பார். பதினெட்டு வருஷமாகக் கூட வந்துகொண்டிருந்த இன்னொரு மெக்கானிக்குக்கு இந்த வருஷம் முழங்கால் கைகொடுக்கவில்லை. இவர் தன் பூட்ஸைத் துடைத்துத் திரும்பவும் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே, "சரி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார்.

"நான் வரேன்" என்றாள் முடிச்சக்கா.

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனால் அவர் முகத்தில் அதற்குள் விளக்குப் போட்டமாதிரி ஆகிவிட்டது. இனி அணைக்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மலைச் சாமான்களை ஹாலில் பரப்பினார். எல்லாம் பிளாஸ்டிக் கவரில் இருந்தன. சாக்ஸ் ஒரு கவர், ரொட்டி ஒரு கவர், அடுப்பு ஒரு கவர். கவருக்குள் கவர். ஒரு தீப்பெட்டியைத் தேடப் பாதிப் பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். வீடெல்லாம் சரசரவென்று சத்தம். மண்ணெண்ணெய் வாசம் அடித்த ஒரு சட்டையை எடுத்து முகர்ந்துவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் மடித்து வைத்தார்.

முடிச்சக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த லட்சணத்துல நான் ஒரு தட்ட மேல அனுப்பினா, அன்னைக்கே என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"மலையில யாரு பாக்கப் போறாங்க?"

"நான் பாப்பேன்ல?"

அன்று மாலையே கடைக்குப் போனார்கள். சைக்கிள் கடைக்கு மேல் மாடியில் மலையேறுகிறவர்களுக்கான சாமான் விற்கிற கடை அது. குட்டை முடியோடு, விரல் முட்டியெல்லாம் தழும்போடு இருந்த ஒரு பெண் நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு சுவர் முழுக்கப் பைகள்தான். மெல்லிய நைலானில் சுருக்குப் பைகள், காற்றோட்டமான வலைப் பைகள், வாயைச் சுருட்டிக் கொக்கி மாட்டுகிற தண்ணீர் புகாத பைகள், வாரை இழுத்தால் உள்ளே இருப்பதை அமுக்கிப் பந்தாக்குகிற பைகள். ஒரு லிட்டரிலிருந்து அறுபது லிட்டர் வரைக்கும் அளவு போட்டிருந்தது.

"என்ன வைக்கப் போறீங்க?" என்று கேட்டாள் கடைக்காரப் பெண்.

"எல்லாத்தையும்" என்றார் மெக்கானிக். "ஆளுக்கு ஒண்ணு, பெருசா ரெண்டு குடுத்தா போதும்."

"அப்படி வாங்காதீங்க சார். எது நனையவே கூடாது, எது நனைஞ்சாலும் பரவாயில்ல, எது அழுக்கு, எது கேட்ட உடனே கைக்கு வரணும்? அப்படிப் பிரிச்சுச் சொல்லுங்க. அதுக்கப்புறம் பையப் பாக்கலாம்."

முடிச்சக்காவுக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது. சுத்தம், அழுக்கு, அவசரம் என்று பிரிக்கத்தானே இருபத்தெட்டு வருஷமாகச் சம்பளம் வாங்குகிறாள்!

ஒரு தண்ணீர் புகாத பையை எடுத்து உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பினாள். தையல்மேல் ஒட்டியிருந்த பட்டையை நகத்தால் நெருடிப் பார்த்தாள். ட்யூப் லைட்டுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள். பிறகு காற்றைப் பிடித்து, வாயை மூன்று சுற்றுச் சுருட்டிக் கொக்கியை மாட்டி, பையைக் கன்னத்தோடு ஒட்டிவைத்து மெல்ல அமுக்கினாள். அந்தக் காலத்தில் ஆபரேஷன் கையுறைகளை அப்படித்தான் ஊதிப் பார்ப்பார்கள். ஊசி நுழைகிற ஓட்டை இருந்தாலும் கன்னத்துக்குத் தெரிந்துவிடும். ஆறு பை தேறியது. ஏழாவது பையை அமுக்கியதும் முகம் சுளித்தாள். "இது மூச்சு விடுது."

கடைக்காரப் பெண் வாங்கித் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். உண்மைதான். மூலைத் தையலில் காற்று கசிந்தது. அதை எடுத்து மேஜைக்குக் கீழே போட்டுவிட்டு வேறொன்று கொடுத்தாள். "நீங்க தையல் வேலையா?"

"இல்லம்மா. மூட்ட கட்டுறவ."

மெக்கானிக்குக்கு அமுக்குகிற பையின்மேல் ஆசை. வாரை இழுக்க இழுக்க, மலையில் உள்ளே நுழைந்து படுக்கிற தூங்குபை சுருங்குவதைப் பார்த்துச் சின்னப் பிள்ளை மாதிரி மறுபடி மறுபடி இழுத்தார். கடைசியில் அது கல்லுக்குண்டு மாதிரி ஆனது. முடிச்சக்கா அப்படி இரண்டை முதுகுப் பைக்குள் வைத்துப் பார்த்தாள்.

"ரெண்டு பூசணிக்காய உள்ள வச்ச மாதிரி இருக்கு. சுத்தி இருக்கற எடமெல்லாம் வீண். இதையே கொஞ்சம் பெரிய பையில தளர்வா வச்சா, மூலைக்கு மூலை அதுவே போய் உக்காந்துக்கும்."

"சரியாச் சொன்னீங்க" என்றாள் கடைக்காரப் பெண்.

தூங்குபைகளுக்கு இரண்டு, சாப்பாட்டுக்கு ஒன்று, மருந்துக்கு ஒன்று, விளக்கும் பேட்டரியும் வரைபடமும் வைக்க ஒன்று, அவசரத்துக்கு ஒன்று, துணிக்கு ஒன்று. அடுப்பும் எண்ணெய்க் குப்பியும் வலைப் பையில், வெளியே தொங்கிக்கொண்டு வரட்டும் என்று முடிவானது.

"துணிக்கு ஒண்ணுதானா?" என்றார் மெக்கானிக், குரலைத் தாழ்த்தி. "உன் துணியும் என் துணியும் ஒரே பையிலயா?"

வீட்டில் இன்னும் அவருக்கு ஓர் அலமாரி, அவளுக்கு ஓர் அலமாரி. அவள் கொஞ்சம் சிவந்துபோய், "வெயிட்டு கம்மியாகும்ல" என்றாள்.

நிறம் கேட்டபோதுதான் தவறு செய்தாள். ஏழும் பச்சையாக வேண்டும் என்றாள். பழகிய பச்சை. கடைக்காரப் பெண் சொல்லிப் பார்த்தாள்: "வேற வேற கலர்ல எடுத்தீங்கன்னா தேடவே வேண்டாம்." முடிச்சக்கா சிரித்தாள். "லேபிள் ஒட்டிக்குவேன்மா." அந்தக் குரலில் இருந்த தைரியத்துக்கு எதிரே மேற்கொண்டு என்ன சொல்வது?

வீட்டுக்கு வந்து பழைய தூங்குபையை அதன் உறையிலிருந்து உருவியபோது உள்ளங்கையெல்லாம் வெள்ளைப் பொடி ஒட்டியது. உறை ஓர் ஆரஞ்சு நிறச் சுருக்குப் பை. உள்ளே பூசியிருந்த பூச்சு முழுக்க உரிந்துபோய்ப் பிசுபிசுவென்று இருந்தது. தண்ணீர் நிற்காது. அவள் யோசிக்காமல் அதைக் குப்பைக்கூடை பக்கத்தில் போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்தாள். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக் வந்து, குனிந்து அதை எடுத்து, நாலாக மடித்து அலமாரிமேல் வைத்துவிட்டு பால்கனிக்குப் போனார். திரும்பி வரவில்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது, "பசிக்கல" என்றார்.

மறுநாள் மழைக்கோட்டுக் கொடுக்க வந்த மகளிடம் அவள் கேட்டாள். "அந்த ஆரஞ்சுப் பை..."

மகள் அலமாரிமேல் பார்த்தாள். "அம்மா வாங்கினது. அவங்களும் முன்னாடி போவாங்க அப்பாகூட. கடைசியாப் போனப்ப அதுலதான் தலைய வச்சுத் தூங்கினாங்களாம். உள்ள துணிய அடைச்சுத் தலகாணி மாதிரி." மழைக்கோட்டை நாற்காலியில் வைத்துவிட்டு, "உங்ககிட்ட அவர் சொல்லியிருக்க மாட்டார். எங்ககிட்டயே சொல்ல மாட்டார்" என்றாள்.

மன்னிப்புக் கேட்டால் அவர் இன்னும் சுருண்டுகொள்வார் என்று முடிச்சக்காவுக்குத் தோன்றியது. ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பையை எடுத்தாள். சிங்க்கில் வெந்நீர் ஊற்றி, பழைய பல் துலக்கும் பிரஷால் மிச்சப் பூச்சையெல்லாம் தேய்த்து எடுத்தாள். மகளும் ஸ்லீவை மடித்துக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றாள். பல்லைத் தேய்த்து மெருகு போடுகிற கை அல்லவா, அவள் தேய்த்த பக்கம்தான் சுத்தமாக வந்தது. துணி கெட்டியாகவே இருந்தது. ஒரு தையல்கூட விட்டிருக்கவில்லை.

மெக்கானிக் வேலை முடிந்து வந்தபோது பை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

"கூடாரத்து முளைக்கம்பியெல்லாம் எதுல வைப்பீங்க?" என்று கேட்டாள்.

"கவர்ல."

"கவரக் கிழிச்சிடும். இதுல வைக்கலாம். தண்ணி நிக்காது, ஆனா கம்பி குத்தினாலும் தாங்கும். நனைஞ்சாலும் கம்பிக்கு என்ன?"

அவர் கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கயிறு மட்டும் இத்துப்போச்சு. மாத்தட்டுமா?"

"மாத்து" என்றார். அப்புறம், "சாப்பிட என்ன இருக்கு?" என்று கேட்டார்.

கிளம்புகிற அன்று மகள் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். பஸ் நகரப் போகும் நேரத்தில் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் ரொம்ப நாளா யோசிச்சேன்" என்றாள். "ஊரே கூப்பிடற மாதிரி நானும் முடிச்சக்கானே கூப்பிட்டுடறேன். சரியா?"

மெக்கானிக் உள்ளேயிருந்து தலையை நீட்டினார். "அவ உனக்கு அக்கான்னா அப்ப நான் யாரு? அத்தானா?"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் சிரிப்பை அடக்க முடியாமல் கம்பியை விட்டுவிட்டு நின்றாள்.

முதல் நாள் வெயில். முடிச்சக்காவுக்குத் தோள் இரண்டும் கழன்று விழுந்துவிடும்போல் வலித்தது, ஆனால் சொல்லிக்கொள்ளவில்லை. இரண்டாம் நாள் மதியத்துக்குமேல் வானம் பொத்துக்கொண்டது. ஐந்து மணிக்கே மேகம் இறங்கி எதிரில் இருக்கும் ஆள் தெரியாமல் மூடிவிட்டது. எப்படியோ ஆரஞ்சுப் பையைத் தட்டுத்தடுமாறி எடுத்து, முளையடித்து, கூடாரத்தை நிறுத்தி, இரண்டு பேரும் சொட்டச் சொட்ட உள்ளே புகுந்தார்கள்.

"டார்ச்ச எடு" என்றார்.

அவள் முதுகுப் பையைத் திறந்தாள். ஆவியில் வேகவைத்தாலும் உரியாத ஆஸ்பத்திரி ஒட்டுநாடா அந்த வழுவழுப்பான துணிமேல் இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஏழு லேபிளும் உரிந்து, அடியில் ஈரச் சருகு மாதிரி கிடந்தன. அரை இருட்டில் ஏழு பச்சைப் பையும் ஒரே கறுப்பு. டார்ச்சைக் கண்டுபிடிக்க டார்ச் வேண்டியிருந்தது.

முதல் பை சாப்பாடு. இரண்டாவது மருந்து. மூன்றாவது தூங்குபை. அவர் ஒரு மூலையில் குந்திக்கொண்டு, மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்ட, வாயைத் திறக்காமல் இருந்தார்.

"சொல்லிடுங்க" என்றாள்.

"என்னத்த?"

"கடைக்காரப் பொண்ணு சொன்னத."

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"நீங்க சொல்லாததுதான் பெருசாக் கேக்குது."

அவருக்கு முதலில் தோள் குலுங்கியது. அப்புறம் அவளுக்கும். லிஃப்ட்டுக்கு வெளியே கேட்ட அதே சிரிப்பு, இந்தத் தடவை நடுவில் கதவு இல்லை. ஐந்தாவது பையில் டார்ச் கிடைத்தது. வெளிச்சம் போட்டு ஒவ்வொன்றாகப் பார்த்தாள். வெளியே குளமாக இருந்தது. ஏழு பைக்குள்ளும் ஒரு சொட்டு ஈரம் இல்லை. மெக்கானிக் துணிப் பையில் கைவிட்டுத் தடவி, வெளியே எடுத்து, காலில் மாட்டிக்கொண்டு, காலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பதினெட்டு வருஷத்துல மலையில காஞ்ச சாக்ஸ் போடறது இதான் மொதல் தடவ."

"அது என்னோடதுங்க."

"அதான் இவ்வளவு சின்னதா இருக்கா!"

தூங்குவதற்கு முன்னால் அவள் ஆரஞ்சுப் பைக்குப் போட்டதுபோக மிச்சமிருந்த கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு பையின் கொக்கியிலும் கட்டினாள். சாப்பாட்டுக்கு ஒரு முடிச்சு, துணிக்கு இரண்டு, மருந்துக்கு மூன்று. டார்ச்சுக்கு முடிச்சில்லாமல் ஒரு பெரிய வளையம். அதன் பிறகு கண்ணை மூடிக்கொண்டும் எடுத்தாள்.

மூன்றாம் நாள் முகட்டை எட்டியபோது மழை விட்டிருந்தது. மேகம் காலுக்குக் கீழே பரந்து கிடந்தது. ஜன்னலில்லாத அறையில் இத்தனை காலம் ட்யூப் லைட்டைப் பார்த்த கண் கூசியது. துடைத்துத் துடைத்துப் பார்த்தாள். மெக்கானிக் போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்டார். "இருங்க, இப்ப வேண்டாம்" என்றாள். இரண்டு பேரும் முதுகுச் சுமையை இறக்காமலே வெகுநேரம் நின்றார்கள்.

ஊருக்குத் திரும்பிய மறுவாரம் மகள் வந்தாள். வந்தவள் அப்பாவிடம் போகாமல் நேரே சமையலறைக்கு வந்தாள்.

"முடிச்சக்கா, நாங்களும் ரெண்டு நாளைக்குப் போலாம்னு இருக்கோம். ஒரு தூங்குபைக்கு எத்தனை லிட்டர் பை வாங்கணும்? அப்பாகிட்ட கேட்டா கவர் போதும்பார்."

"நான் எப்ப சொன்னேன்?" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. "மூணு சுத்து சுத்திக் கொக்கி போடணும். கலர் மட்டும் பச்சை வேண்டாம்னு சொல்லு!"

முடிச்சக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "பையப் பத்தி அப்பறம் பேசலாம். மொதல்ல என்னென்ன எடுத்துட்டுப் போகப்போறீங்களோ, அதையெல்லாம் கொண்டுவந்து இந்தத் தரையில பரப்பு."

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு இரண்டு தெரு தள்ளியிருந்த வீட்டுக்கு ஓடினாள். மெக்கானிக் எழுந்து, நாற்காலிகளைச் சுவரோரமாகத் தள்ளி இடம் பண்ண ஆரம்பித்தார்.